படகில் வந்த நாய்க்குட்டி
(கடல்வழி வரும் செல்லப் பிராணிகளும் நோய்த்தடுப்பு விதிகளும்)

வருமுன் காப்பதே அறிவுடைமை என்று ஆரம்பப்பள்ளி முதலே படித்து வருகிறோம். ஆனால், வருவது ஓர் அழகிய நாய்க்குட்டியாக இருந்தால் என்ன செய்வோம்?

சென்ற விடுமுறையில் பைராம் தோட்டத்திலுள்ள எங்கள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். சித்தப்பா ஒரு காகிதப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு மாதம்கூட நிறையாத பழுப்பு நிறக் குட்டி. நிபோங் திபாலில் மீன்பிடிக்கும் அவருடைய நண்பருக்கு, நடுக்கடலில் அயல்நாட்டுப் படகுக்காரர் ஒருவர் கொடுத்ததாம்.

"ஊசி போட்டிருக்கா சித்தப்பா? பெர்மிட் இருக்கா?" என்று கேட்டேன்.

"ஏம்மா, நாய்க்குட்டிக்குமா பாஸ்போர்ட்டு கேப்பாங்க?" என்று சிரித்தார்.

அக்கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நோயின் தன்மை

நாய், பூனைகளின் வரவை நாடுகள் கட்டுப்படுத்துவதற்கு முதன்மைக் காரணம் ரேபிஸ் எனப்படும் வெறிநாய் நோயாகும். மனிதர்களுக்கு வரும் இந்நோயில் 99 விழுக்காடு நாய்களால் பரவுகிறது. அறிகுறி தோன்றிய பிறகு பிழைப்பது அரிதினும் அரிது. 1885-இல் லூயி பாஸ்டர் இதற்குத் தடுப்பூசியைப் பயன்படுத்திக் காட்டினார். தமிழ்நாட்டின் குன்னூரில் 1907-இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிலையமும் இத்தடுப்பூசிக்குப் பெயர் பெற்றதாகும். மருந்து பிறந்து நூறாண்டுகளுக்கு மேலாகியும், ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது.

கிருமி உடலில் புகுந்து அறிகுறி தோன்றப் பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகலாம். சில வேளைகளில் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை அந்த நாய் ஓடும், விளையாடும், வாலாட்டும். எனவே, "பார்த்தால் நல்லாத்தானே இருக்கு" என்பது சான்றாகாது. மேலும், இத்தடுப்பூசி பொதுவாக மூன்று மாதம் நிறைந்த குட்டிக்கே போடப்படுகிறது. அதன்பின் எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறக்குறைய மூன்று வாரங்களாகும். சித்தப்பாவின் பெட்டியில் இருந்த குட்டிக்கு அந்த வயதே வரவில்லை!

படகேறி வந்த நோய்

ஒரு படகால் என்ன நேர்ந்துவிடும் என்று கேட்கலாம். இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் 1997 வரை ரேபிஸ் இல்லை. அவ்வாண்டு சுலாவெசியை அடுத்த பூத்தோன் தீவிலிருந்து மீன்பிடிப் படகில் சில நாய்கள் லாரந்துகா நகருக்கு வந்தன. நோயும் உடன் வந்தது. பின்னர், தீவின் நாய்களில் ஏறக்குறைய பாதியைக் கொன்றும் நோய் ஒழியவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்கள் மாண்டனர். 2008-இல் பாலித் தீவில் ரேபிஸ் பரவியதும் படகில் வந்த ஒரு நாயால்தான் என்று கருதப்படுகிறது.

நம் நாடும் இதற்கு விலக்கல்ல. வெறிநாய் நோயற்ற நாடாக இருந்த மலேசியாவில், 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மாநிலங்களில் நோய் கண்டறியப்பட்டது. 2017-இல் சரவாக்கின் செரியான் வட்டாரத்தில் அது மனித உயிர்களைப் பறித்தது. முதலில் இறந்தவர்கள் சிறு பிள்ளைகள்.

2015-இல் நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவி. எங்கள் வீட்டில் கருப்பன் என்றொரு நாய் இருந்தது. அதற்கு லைசன்சும் இல்லை, கழுத்துப் பட்டையும் இல்லை. தோட்டத்து நாய்க்கு அதெல்லாம் எதற்கு என்று நாங்கள் இருந்துவிட்டோம். தெருநாய்கள் கொல்லப்பட்ட அந்தச் செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள் பள்ளி விட்டு வந்தபோது கருப்பன் இல்லை. பிறகு அது திரும்பவே இல்லை. எல்லை தாண்டி வந்த கிருமிக்கு, எல்லையே தாண்டாத நாய்கள் விலை கொடுத்தன.

விதிகள் சொல்வது என்ன?

மலேசியாவிற்குள் நாய், பூனை கொண்டுவர, புறப்படும் முன்பே இறக்குமதி பெர்மிட் பெற வேண்டும். அடையாளத்திற்கு மைக்ரோசிப், ரேபிஸ் தடுப்பூசிச் சான்று, புறப்படும் நாட்டு அரசாங்கக் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றிதழ் ஆகியவை தேவை. நோயற்றவை என ஏற்கப்பட்ட சில நாடுகளைத் தவிர, மற்ற நாடுகளிலிருந்து வருபவை குறைந்தது 7 நாள் தனிமைப்படுத்தப்படும். தீபகற்பத்திலிருந்து சபா, சரவாக் கொண்டு செல்லவும் தனி அனுமதி வேண்டும். உல்லாசப் படகானாலும் மீன்பிடிப் படகானாலும் விதி ஒன்றே: அறிவிக்கப்பட்ட நுழைவாயிலுக்கு வந்து அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும், அனுமதி கிடைக்கும்வரை விலங்கு கரையில் கால் வைக்கக்கூடாது.

பணமும் புகழும் விதியைத் தளர்த்துவதில்லை. 2015-இல் நடிகர் ஜானி டெப் தம்பதியர் தனி விமானத்தில் இரண்டு நாய்களை ஆஸ்திரேலியாவிற்கு அறிவிக்காமல் கொண்டு வந்தனர். நாய்களை வெளியேற்றாவிட்டால் அவை கொல்லப்படும் என்று அந்நாட்டு அமைச்சர் எச்சரித்தார். நாய்கள் திருப்பியனுப்பப்பட்டன, வழக்கு நீதிமன்றம் வரை சென்றது.

விமான நிலையத்தில் பரிசோதனை முகப்பு உண்டு. ஆனால், சிறு படகு எந்த ஆற்று முகத்துவாரத்திலும் ஒதுங்கலாம். அங்கே காவலாக நிற்பது படகோட்டியின் மனசாட்சி மட்டுமே.

தனிமைப்படுத்தல் நமக்குப் புதிதன்று. கடல் கடந்து வந்த நம் முன்னோர் பலர், நோய் பரவாதிருக்க ஜெரஜாக் தீவில் தங்க வைக்கப்பட்ட பிறகே பினாங்கு மண்ணை மிதித்தனர்.

நிறைவாக

இவற்றையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். கருப்பனின் பெயரைச் சொன்னதும் அவருடைய சிரிப்பு நின்றது. மறுநாள் நண்பரையும் அழைத்துக்கொண்டு கால்நடை அலுவலகத்தில் தெரிவித்தார். பெர்மிட் இல்லாமல் வந்த விலங்கைக் கைப்பற்றவும், திருப்பியனுப்பவும், தேவையானால் கொல்லவும் சட்டத்தில் இடமுண்டு என்பதை அறிந்தே சென்றோம். குட்டியை ஒப்படைத்துவிட்டு வரும் வழியில் சித்தப்பா என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. குட்டிக்கும் பாவம், எக்குற்றமும் இல்லை. புறப்படும் முன்பே யாராவது ஒருவர் விதியை எண்ணிப் பார்த்திருந்தால், அது தன் தாயிடமே இருந்திருக்கும்.

வாசக அன்பர்களே, உங்கள் நாய்களுக்குத் தடுப்பூசி போடுங்கள், லைசன்ஸ் எடுங்கள். நாய் கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கடல்வழி வந்த குட்டியை யாரேனும் நீட்டினால், கையை நீட்டும் முன் அதன் தாள்களைக் கேளுங்கள். ஆம், நாய்க்குட்டிக்கும் பாஸ்போர்ட் வேண்டும்.