மைலேஜா, சக்தியா, புகையா?

கேள்வி: தினமும் அருப்புக்கோட்டைக்குப் போய்வரக் கார் வாங்க எண்ணுகிறேன். மைலேஜ், என்ஜின் சக்தி, புகைக் கட்டுப்பாடு, இவற்றுள் எதைப் பிரதானமாகக் கொள்வது?
— வாசகர், திருச்சுழி

பதில்: மலையும் ஏற்றமும் இன்றிக் கரிசலும் சீமைக்கருவேலமுமாகச் சமதளமாய் விரிந்து கிடக்கும் தங்கள் பிரதேசத்தில், அதிக சக்திக்குத் தரும் பணம் வீண் விரயமேயாதலால், மைலேஜையே பிரதானமாகக் கொள்ளுங்கள். 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் புதிய கார்கள் யாவும் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு நியதிக்கு உட்பட்டவையாதலால், புகையைப் பற்றித் தனியே கவலை வேண்டாம். அன்றியும், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படுவதால், எரிபொருள் சிக்கனமே காற்றுக்குச் செய்யும் உபகாரமுமாகும். தங்களைப் போலக் குறுகிய தூரமே ஓட்டுவோரின் டீசல் காரில் புகைவடிகட்டி அடைபடக்கூடும். ஆகையால் பெட்ரோலே உசிதம். கார் வாங்கியபின் பராமரிப்பும் அவசியம். கோடையில் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் கரிசல் புழுதி உள்ளங்கையில் கொட்டும். அந்த ஃபில்டரைக் காலாகாலத்தில் மாற்றி, டயர் காற்றையும் மாதந்தோறும் சோதித்து வாருங்கள்.