கடலோரத்தில் கல் பதிக்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

சூலியா தெருப் பக்கம் கார் நிறுத்துமிடத்துக்கு நீ வரைந்த நீர் ஊடுருவும் தளத்தின் வரைபடம் கிடைத்தது. வேலை சுத்தம். ஆனால் முதல் பக்கத்தில் ‘நிலத்தடி நீர் பெருகும்’ என்று போட்டிருக்கிறாயே, அதை அடித்துவிடு.

சென்னையில் அந்த வரி எடுபடும். கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் பெரிதும் நம்பும் ஊர் அது. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதற்கு அங்கே அர்த்தம் இருந்தது. நம் பினாங்கில் குழாயில் வருவதோ பெரும்பாலும் சுங்கை மூடா ஆற்றுத் தண்ணீர். ஜார்ஜ்டவுன் கரையோரத்தில் கொஞ்சம் தோண்டினாலே ஈரம், கீழே களிமண். அதற்குள் இன்னும் தண்ணீரை இறக்கினால், பக்கத்துக் கடைவீட்டுச் சுண்ணாம்புச் சுவரில்தான் ஏறும். சுவரோரமாக நீர் புகாத விரிப்பு போடாமல் ஒரு கல்லும் வைக்காதே.

பிறகு எதற்கு இந்தத் தளம் என்பாய். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டாய். பினாங்கில் ஏழு பேர் போனார்கள். கடல் ஏற்றத்தில் இருக்கும்போது சாக்கடை நிரம்பினால் வெள்ளத்துக்குப் போக்கிடம் கிடையாது. அந்தச் சில மணி நேரம் மழையைப் பிடித்து வைப்பதுதான் உன் வேலை. அதைச் செய்வது மேலே தெரியும் அழகான கல் இல்லை, அடியில் கிடக்கும் ஒரே அளவுச் சல்லி. 30 செ.மீ. ஆழத்துக்குப் போட்டால் அந்த இடத்தில் விழும் ஏறத்தாழ 10 செ.மீ. மழை இடுக்குகளில் தங்கும். துளைக்குழாய் வழியாக அது மெல்லச் சாக்கடைக்குப் போகட்டும். குழாய் வாய் கடலேற்ற மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்று பார். உன் வரைபடத்தில் அந்த மட்டமே இல்லை.

நீரை மண்ணுக்குள் இறக்கும் ஆசை இருந்தால் ஆயர் ஈத்தாம் பக்கம் போ. அங்கே கருங்கல் உதிர்ந்த மண். சரிவுக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம், மண்சரிவு நமக்குப் புதிதில்லை.

இன்னொன்று: கல் பதிக்கும் நாளில் தளத்தைவிட்டு நகராதே. ஆட்கள் பழக்கத்தில் இடுக்குகளில் பொடி மணலை வாரிப் பெருக்கிவிடுவார்கள். அங்கே போக வேண்டியது சிறு சல்லி. மணல் போனால் அங்சானா மரத்துச் சருகும் சேர்ந்து, சீக்கிரமே சிமெண்டுத் தரை போலாகிவிடும். பெருக்கி உறிஞ்சும் பராமரிப்புச் செலவைக் குத்தகையிலேயே எழுதிவிடு. பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

இந்த வாரம் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, முதலில் ஊறவிட்டு, மறுபடி நிரப்பி எவ்வளவு இறங்குகிறதென்று மணிக்கு மணி குறித்து அனுப்பு. சல்லிப் படுகையின் ஆழத்தை அதன்பின் பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்