புண்ணாக்கில் நஞ்சு: பசு தாங்கினால் போதுமா?

திருவந்திபுரம் பக்கம் ஒரு மாட்டுத் தொழுவத்தில் பெரியவர் ஒருவர் கேட்டார்: "பூசணம் பிடித்த மணிலாப் புண்ணாக்கைக் கொத்தித் தின்ன வாத்துக் குஞ்சுங்க செத்துப் போச்சு, சார். அதையே தின்ன மாடு நல்லாத்தானே கறக்குது?"

நியாயமான கேள்வி. விடை கல்லீரலில் இருக்கிறது.

கெட்ட புண்ணாக்கில் உள்ள நஞ்சின் பெயர் அஃப்ளாடாக்சின் பி1. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவற்றின் தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டு மணிலாப் புண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் இது கண்டறியப்பட்டது.

மருந்தானாலும் நஞ்சானாலும், உள்ளே வந்ததை உருமாற்றி வெளியேற்ற உடலில் நொதிகள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி கல்லீரலில் இருக்கிறது. குடற்சுவர், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றிலும் உண்டு. ஆனால் அளவு குறைவு. கல்லீரல் செக்கு என்றால் மற்றவை வீட்டு உரல்.

உருமாற்றம் எப்போதும் நன்மையில் முடிவதில்லை. பி1 நஞ்சில் ஒரு பங்கு, கல்லீரல் நொதியாலேயே முன்னிலும் கொடிய பொருளாகிறது. அதைப் பிடித்துக் கட்டிப்போட வேறொரு நொதி வேண்டும். வான்கோழிக் கல்லீரலில் அந்த நொதி இந்த நஞ்சிடம் வேலை செய்வதில்லை. வாத்துக் குஞ்சும் எளிதில் மாளும். வளர்ந்த மாடு ஓரளவு தாங்கும். கன்று அவ்வளவு தாங்காது.

இன்னொரு பங்கு எம்1 என்ற பொருளாக மாறிச் சிறுநீரிலும் பாலிலும் இறங்குகிறது. பசு தின்ற பி1 நஞ்சில் ஏறக்குறைய 1 முதல் 2 விழுக்காடு இவ்வாறு பாலுக்கு வரும். நிறையக் கறக்கும் பசுவில் 6 விழுக்காடு வரைகூடப் போகலாம்.

கணக்குப் பார்ப்போம். கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் நஞ்சுள்ள புண்ணாக்கை நாளொன்றுக்கு 2 கிலோ வைத்தால், உள்ளே போவது 200 மைக்ரோகிராம். அதில் 2 விழுக்காடு, அதாவது 4 மைக்ரோகிராம், 8 லிட்டர் பாலில் சேர்ந்தால் லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம். நம் நாட்டில் பாலுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவே இதுதான். 2018-இல் நடந்த தேசியப் பால் தர ஆய்வில், தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 இந்த அளவைத் தாண்டியிருந்தன. அளவைத் தாண்டிய மாதிரிகளின் எண்ணிக்கையில் மாநிலங்களில் நாமே முதலிடம், பெருமைப்பட ஒன்றுமில்லை.

பாலைக் காய்ச்சினால் எம்1 போகாது. புண்ணாக்கை வெயிலில் போட்டு, பூசணத்தைத் தட்டிவிட்டாலும் நஞ்சு உள்ளேயே இருக்கும். பூசணம் கண்ணுக்குத் தெரியாத புண்ணாக்கிலும் அது இருக்கக்கூடும். எண்ணெய் ஆட்டும்போது நஞ்சில் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே தடுப்பு, களத்திலேயே தொடங்க வேண்டும். காயைக் குலுக்கினால் பருப்பு கலகலக்கும் வரை, ஈரம் 8 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும் வரை உலர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் புண்ணாக்கு மூட்டையைத் தரையில் போடாமல், சுவரில் சாய்க்காமல், பலகைமேல் அடுக்குங்கள்.

பெரியவரிடம் அந்தப் புண்ணாக்கை அன்றே நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினால் நாலைந்து நாளில் பாலில் எம்1 பெரும்பாலும் நீங்கிவிடும். மீதியை நல்ல புண்ணாக்கோடு கலந்து தீர்க்கப் பார்க்காமல், மணிலா போடாத நிலத்தில் எருவாக இட்டு உழுதுவிடலாம். உடைக்கும்போது மட்டும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். நுரையீரலிலும் அந்த நொதிகள் உண்டு என்றோமே, தூசியோடு போகும் நஞ்சை அவை அங்கேயே கொடியதாக மாற்றக்கூடும்.