கோடுடைய மீன்

குரங்கணி மலைச்சரிவில் ஏலத்தோட்டங்களின் நிழலில் ஊறும் நீர், கொட்டகுடி ஆறாகத் திரண்டு, போடிநாயக்கனூரைக் கடந்து வைகையைச் சேர்கிறது. வைகையின் நீரில் பெரும்பகுதியைக் கண்மாய்கள் வாங்கிக்கொள்கின்றன; வெள்ளக்காலத்தில் எஞ்சுவதே இராமநாதபுரம் மாவட்டத்து ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் விரிகுடாவில் கலக்கிறது. ஆறும் கடலும் கூடும் இத்தகைய ஆழங்குறைந்த சேற்றுப்பகுதிகளை விரும்பி வாழும் பெருமீன் ஒன்று உண்டு. அதன் பெயர் வேளா.

காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாது, சுறாவின் கோட்டை மணலில் நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. பொதுவாகச் சுறாவுக்குக் கோடு ஏது? முகத்திலிருந்து வாள்போல் நீண்டு, இருபுறமும் பற்கள் வரிசையிட்ட கோடு வேளாவுக்கு உண்டு. ஆகவே, புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் குறித்தது இம்மீனையே எனக் கொள்வது பொருந்தும்.

வடிவில் சுறாவை ஒத்திருப்பினும் வேளா திருக்கை இனத்தைச் சார்ந்தது. சுறாவின் செவுள் பிளவுகள் பக்கவாட்டில் இருக்கும். வேளாவுக்கு அவை வாயைப் போன்றே அடிப்புறத்தில் அமைந்துள்ளன. தரையோடு படிந்து கிடக்கையில் சேறு புகாதவாறு, கண்ணுக்குப் பின்னுள்ள துளைகளின் வழியே நீரை இழுத்து மூச்சுவிடுகிறது. பெரும்பல் வேளா 6 மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது.

கோட்டின் பற்கள் உண்மையில் பற்களல்ல, உருமாறிய செதில்கள். அடியோடு பெயர்ந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அக்கோடு படைக்கலம் மட்டுமன்று, புலனுறுப்பும் ஆகும். அதன் பரப்பெங்கும் உள்ள நுண்துளைகள், பிற உயிர்களின் உடலில் எழும் மெல்லிய மின்புலத்தை உணர்கின்றன. எனவே கலங்கிய நீரிலும் இரை தப்புவதில்லை. கோட்டைப் பக்கவாட்டில் வீசி மீன்களை வெட்டுவதையும், வெட்டுண்டதைத் தரையோடு அழுத்திப் பிடிப்பதையும் 2012இல் வெளிவந்த ஆய்வு விளக்கியது.

வேளா குட்டி ஈனும் மீன். இத்தனை கூரிய கோட்டுடன் குட்டி பிறந்தால் தாயின் நிலை என்னாகும்? கருவில் கோடு மென்மையாகவே இருக்கும். கூழ்போன்ற உறையொன்று அதனைப் போர்த்தியிருக்கும். பிறந்த சில நாள்களில் உறை கழன்றுவிடும். வியப்பு அதனோடு முடியவில்லை. ஆண்துணையின்றிப் பிறந்த 7 வேளாக்களை அமெரிக்காவின் புளோரிடாவில் கண்டறிந்ததாக 2015இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். இனம் அருகி, இணை கிடைக்காத நிலையில் இவ்வாறு நிகழ்ந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

அருகியதற்குக் காரணமும் அக்கோடுதான். மற்ற மீன்கள் நழுவிச் செல்லும் வலையில்கூட வேளாவின் பற்கள் மாட்டிக்கொள்கின்றன. உதறும்தோறும் சிக்கல் இறுகுகிறது. துடுப்புக்காகவும் கோட்டுக்காகவும் வேட்டையாடப்பட்டது வேறு. இந்தியா 2001இல் வேளாவை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. பன்னாட்டு வணிகத்திற்கு 2007இல் கடுந்தடை வந்தது.

சட்டம் பிடிப்பதைத் தடுக்கலாம். தானே வந்து சிக்குவதை எவ்வாறு தடுக்கும்? சிக்கிய வேளாவை உயிரோடு விடுவிக்க வேண்டுமாயின், வீசும் கோட்டருகே கைநீட்டி வலையை அறுக்கவேண்டும். அந்த வலையோ பெரும்பாலும் கடன்பட்டு வாங்கியது. அறுபட்ட வலையின் இழப்பை யார் ஏற்பது என்பதையும் மீனவரோடு அமர்ந்து பேசியாக வேண்டும்.