விண்மீன் நோக்கத் தக்க இடத்தைத் தெரிதல்

விண்மீன்களைக் கற்பதற்குத் தொலைநோக்காடி இன்றியமையாததன்று. இருண்ட வானமே இன்றியமையாதது. இரண்டாம் ஜெயசிங் மன்னர் 1724-ஆம் ஆண்டில் டில்லியில் ஜந்தர் மந்தரை எழுப்பியபோது, அங்குள்ள கருவிகளுள் ஒன்றிலேனும் கண்ணாடி வில்லை இருக்கவில்லை. கல்லாலும் சுண்ணச்சாந்தாலும் அமைந்த கட்டடங்களின் துணைகொண்டு வெறுங்கண்ணாலேயே விண்பொருள்களின் நிலைகள் அளக்கப்பட்டன. அக்கட்டடங்கள் இன்றும் உள்ளன. ஆனால் இன்று அங்கு நின்று இரவில் நோக்குவோர் மிகப் பிரகாசமான சில மீன்களையும் கோள்களையுமே காண்பர், பால்வீதி புலப்படுவதில்லை.

இந்நிலை டில்லிக்கு மட்டும் உரியதன்று. உலக மக்களுள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைக் காண இயலாதென 2016-இல் வெளியான உலக இரவுவானப் படத்தொகுதி காட்டிற்று. ஆகவே வானியல் கற்பிக்கும் ஆசிரியர், மாணவரை எங்கு அழைத்துச் செல்வது என்பதை முதலில் அறிதல் வேண்டும். விலையுயர்ந்த கருவியின்றி அவ்விடத்தைத் தெரிந்தெடுக்கும் முறையை இப்பாடம் விளக்கும். ராஜஸ்தானப் பாலைவனத்திலுள்ள ஜெய்சால்மர் என்னும் சிறு நகரையும், லடாக்கின் குளிர்ப் பாலைவனத்திலுள்ள ஹான்லே சிற்றூரையும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்வோம்.

1. வானம் வெளுப்பது ஏன்?

தெருவிளக்கின் ஒளியில் ஒரு பகுதி நேராக மேல்நோக்கிச் செல்கிறது. மற்றொரு பகுதி தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பி மேலெழுகிறது. காற்றின் மூலக்கூறுகளும், தூசியும், நீர்த்துளிகளும் அவ்வொளியை எல்லாத் திசைகளிலும் சிதறச் செய்கின்றன. சிதறிய ஒளி நம் கண்ணுக்குத் திரும்பி வரும்போது வானம் முழுவதும் வெளுத்துத் தோன்றுகிறது. விண்மீனின் ஒளி குறையவில்லை. அதன் பின்புலம் ஒளிர்வதனால் மீன் மறைகிறது. பகலில் மீன்கள் தோன்றாமைக்கும் காரணம் இதுவே.

நீல நிற ஒளி, மஞ்சள் ஒளியைவிட மிகுதியாகச் சிதறும். ஆதலின் நீலங்கலந்த வெண்ணிற எல்.இ.டி. விளக்குகள், அதே அளவு வெளிச்சம் தரும் மஞ்சள் விளக்குகளைக் காட்டிலும் வானத்திற்கு மிகுந்த கேடு செய்கின்றன.

2. தொலைவின் பயன்

நகரின் ஒளியிலிருந்து தப்ப எவ்வளவு தொலைவு செல்லவேண்டும்? கலிபோர்னியாவைச் சேர்ந்த மெர்ல் வாக்கர் என்னும் வானியலார் 1970-களில் பல நகரங்களைச் சுற்றி அளந்து ஓர் எளிய விதியைக் கண்டார். நகரினால் வானத்திற்கு ஏறும் ஒளி, அந்நகரின் மக்கள்தொகைக்கு நேர்விகிதத்திலும், தொலைவின் இரண்டரை அடுக்கிற்குத் தலைகீழ் விகிதத்திலும் அமையும் என்பது அவ்விதி. அதாவது, தொலைவு இரு மடங்கானால் ஒளி ஏறத்தாழ ஐந்தரையில் ஒரு பங்காகும். நான்கு மடங்கானால் முப்பத்திரண்டில் ஒரு பங்காகும்.

2011-ஆம் ஆண்டின் கணக்குப்படி ஜெய்சால்மரின் மக்கள்தொகை ஏறத்தாழ 65 ஆயிரம். டில்லியின் மக்கள்தொகை 1 கோடியே 68 இலட்சம். பின்னது முன்னதைப்போல் சுமார் 256 மடங்கு. ஜெய்சால்மரிலிருந்து 10 கி. மீ. சென்றால் கிட்டும் இருளைப் பெற, டில்லியிலிருந்து ஏறத்தாழ 92 கி. மீ. செல்லவேண்டும் என விதி கூறும். உண்மையில் அதுவும் போதாது. மீரட், ரோத்தக், பானிப்பட் போன்ற ஊர்கள் அவ்வெல்லைக்குள் இருந்துகொண்டு தத்தம் ஒளியைச் சேர்க்கின்றன. பாலைவனச் சிற்றூரின் சிறப்பு இங்கே விளங்கும்: அதற்கு அண்மையில் வேறு பெரிய ஊர் இல்லை, ஒரு திசையில் சிறிது தொலைவு சென்றாலே பயன் மிகுதி.

எனினும் இவ்விதி தோராயமானதே. சுற்றுலா விடுதிகள் நிறைந்த ஊர், தன் மக்கள்தொகைக்குரிய அளவினும் மிகுதியான ஒளியை வெளியிடும்.

3. ஜெய்சால்மரைச் சூழ்ந்த இடங்கள்

ஜெய்சால்மருக்கு மேற்கே ஏறத்தாழ 40 கி. மீ. தொலைவில் சம் மணற்குன்றுகள் உள்ளன. பலரும் அங்கேயே செல்வர். ஆனால் குளிர்காலத்தில் அங்குள்ள கூடார விடுதிகளின் விளக்குகள் நள்ளிரவு அண்மையிலும் எரியக்கூடும். தொலைவு மட்டும் கருதி இடத்தைத் தெரிவது தவறு என்பதற்கு இது சான்று. அருகிலுள்ள ஒரு விளக்கு, தொலைவிலுள்ள ஒரு நகரத்தினும் மிகுந்த தீங்கு செய்யும்.

அடுத்துத் திசையைக் கருதுக. பால்வீதியின் மையப் பகுதி தென்வானத்தில் தோன்றுவது. எனவே நகரம் நமக்கு வடக்கே அமையுமாறு, நகரின் தெற்கிலோ தென்மேற்கிலோ நிற்பதே முறை. தென்மேற்கிலுள்ள குரி கிராமத்தின் புறத்தே உள்ள திறந்த வெளிகள் இந்நோக்கத்திற்கு ஏற்றவை. ஜெய்சால்மரைச் சூழ்ந்துள்ள காற்றாலைகளின் உச்சியில் எரியும் சிவப்பு விளக்குகள் நோக்கும் திசையில் அமையாதவாறும் பார்த்துக்கொள்க. தாழ்ந்த மணல்மேட்டின் மறைவில் அமர்ந்தால் தொலைவிலுள்ள விளக்குகள் கண்ணில் நேராகப் படா.

மேற்கே மேலும் சென்றால் இருள் மிகும் என எண்ணுதல் கூடாது. இந்திய–பாகிஸ்தான் எல்லை வேலியின் விளக்குகள் விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்த படங்களிலும் ஒரு செம்மஞ்சள் கோடாகத் தெரிகின்றன. மேலும் எல்லைப் பகுதிகளுக்குச் செல்லவும், வனவிலங்குக் காப்பிடங்களில் இரவில் தங்கவும் கட்டுப்பாடுகள் உண்டு. மாவட்ட அதிகாரிகளிடமும் வனத்துறையினரிடமும் முன்னரே கேட்டறிக.

இடத்தைப் பகலில் ஒருமுறை சென்று பார்த்தல் வேண்டும். தார்ப் பாலைவனத்தில் சுருட்டை விரியன் பாம்பு உண்டு. ஆதலின் புதரற்ற வெட்டவெளியையே தேர்ந்து, மூடிய காலணி அணிக. குளிர்கால இரவில் மணல் விரைவில் குளிர்ந்துவிடும். கம்பளி ஆடை தேவை.

4. காலத்தைத் தெரிதல்

நல்ல இடமும் தகாத காலத்தில் பயன்படாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை தார்ப் பகுதியில் தூசிப்புயல்கள் எழும். அப்போது முகிலற்ற வானமும் மங்கியே இருக்கும். அதன்பின் பருவமழை. அக்டோபர் முதல் மார்ச் வரையுள்ள காலமே சிறந்தது. இக்காலத்தின் பெரும்பகுதியில் முன்னிரவில் பால்வீதியின் மையம் தோன்றாது. மார்ச் மாதத்தில் விடியற்கு முன் எழுந்து நோக்கின் காணலாம்.

அமாவாசையை ஒட்டிய இரவுகளைக் கொள்க. சூரியன் மறைந்து அது தொடுவானத்திற்குக் கீழே 18 பாகை இறங்கும்வரை அந்தியொளி நீங்குவதில்லை; இதற்கு நம் நாட்டில் ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். கண் இருளுக்குப் பழக மேலும் அரைமணி நேரம் வேண்டும். இடையில் ஒருவர் கைவிளக்கையோ கைப்பேசியையோ ஏற்றினால் அனைவரும் மீண்டும் முதலிலிருந்து காத்திருக்க நேரும். கைவிளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிப் பயன்படுத்துக.

5. கண்ணே அளவுகோல்

விண்மீன்களின் பிரகாசத்தை ஒளித்தரம் என்னும் எண்ணால் குறிப்பர். எண் கூடக்கூட மீன் மங்கலாகும். ஐந்து தரங்கள் நூறு மடங்கு வேறுபாட்டைக் குறிக்கும். மிக இருண்ட இடத்தில் நல்ல கண் ஆறாம் தரம் வரை காணும். அப்போது ஒரே நேரத்தில் இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட மீன்கள் புலப்படும். நான்காம் தரத்தோடு பார்வை நின்றுவிட்டால் சுமார் 250 மீன்களே எஞ்சும்.

இதனை அளக்க நம் மரபில் வழங்கும் மீன்களே போதும்:

(அ) மிருகசீரிடம்: ஓரியன் கூட்டத்தின் தலைப்பகுதியிலுள்ள மூன்று சிறு மீன்கள். இவற்றின் தரங்கள் முறையே 3.4, 4.1, 4.4. ஒன்று மட்டும் தெரிந்தால் வானம் வெளுத்துள்ளது. மூன்றும் தெரிந்தால் ஓரளவு நன்று.

(ஆ) அருந்ததி: எழுமீன் கூட்டத்தில் வசிட்டனை ஒட்டியுள்ள மீன், தரம் 4.0. திருமணச் சடங்கில் மணமக்களுக்குக் காட்டப்பெறும் இம்மீன், பெருநகரங்களில் இன்று பெரும்பாலும் காட்ட இயலாததாகிவிட்டது.

(இ) கார்த்திகை: ஆறு மீன்கள் 4.3 தரத்திற்குட்பட்டவை. ஏழாவது மீனின் தரம் 5.1; எட்டாவதன் தரம் 5.5. ஏழையும் எட்டையும் பிரித்தெண்ண முடிந்தால் அவ்விடம் மிக நல்லதென முடிவு செய்யலாம்.

தொடுவானத்தின் அருகில் காற்றுப்படலம் தடித்திருப்பதால், இம்மீன்கள் வானத்தில் உயர்ந்து நிற்கும்போதே எண்ணுதல் வேண்டும். ஒரே இரவில் இரண்டு மூன்று இடங்களில் எண்ணி ஒப்பிட்டால் சிறந்த இடம் தானே வெளிப்படும்.

இத்தகைய எண்ணிக்கையைச் சிறுபணி எனக் கருத வேண்டா. 2011 முதல் 2022 வரை பல நாட்டுப் பொதுமக்கள் வெறுங்கண்ணால் செய்த ஐம்பதாயிரத்திற்கு மேற்பட்ட நோக்கல்களைத் தொகுத்தே, இரவுவானம் ஆண்டுக்குச் சராசரி 9.6 சதவீதம் வெளுத்து வருவதாக 2023-இல் விஞ்ஞானிகள் கண்டனர். இவ்விகிதம் தொடருமாயின் எட்டு ஆண்டுகளுக்குள் வானொளி இரு மடங்காகும். ஒரு பள்ளியில் சேரும் குழந்தை அதனைவிட்டு நீங்குமுன் தன் ஊர் வானத்தின் பல மீன்களை இழந்துவிடும் என்பது இதன் பொருள்.

6. ஹான்லே கற்பிக்கும் பாடம்

லே நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 250 கி. மீ. தொலைவிலுள்ள ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானியல் நிலையம் உள்ளது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கிற்கும் சற்றுக் குறைவு. மழையும் பனியும் சொற்பம். அங்குள்ள இரண்டு மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்காடியை, பெங்களூருக்கு அருகிலுள்ள ஹோசகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் வழியாக இயக்குகின்றனர்.

இயற்கை அளித்த இருளும் காவலின்றி நிலையாது. ஆகவே 2022 டிசம்பரில் 1,073 சதுர கி. மீ. பரப்பு இருள்வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள ஊர் மக்கள் விளக்குகளுக்கு மூடி இட்டும், சாளரங்களுக்குத் திரையிட்டும், ஊர்திகளின் முகப்பு விளக்கைத் தாழ்த்தியும் வானத்தைக் காக்கின்றனர். அவ்வூர்களைச் சேர்ந்தோர் இருபதுக்கு மேற்பட்டவர் பயிற்சியும் தொலைநோக்காடியும் பெற்று, வருவோர்க்கு வானத்தைக் காட்டி வருவாயும் ஈட்டுகின்றனர். இருள் அவர்களுக்கு இழப்பன்று, உடைமையாயிற்று.

தமிழ்நாட்டு ஆசிரியர்கள் ஹான்லே செல்லவேண்டுவதில்லை. பால்வீதியின் மையம் ஹான்லேயில் தொடுவானத்திலிருந்து 28 பாகையே உயரும். கன்னியாகுமரியில் அது 53 பாகை உயரும். தென்வானத்தைக் காண்பதற்குத் தெற்கு நிலமே ஏற்றதென்பதனாலும், 1960-களில் வைணு பாப்பு ஜவ்வாது மலையிலுள்ள காவலூரை வானியல் நிலையத்திற்குத் தெரிந்தெடுத்தார்.

7. பயிற்சி

(1) உமது ஊரிலிருந்து 5, 10, 20 கி. மீ. தொலைவுகளில் மூன்று இடங்களைத் தெரிந்து, ஒரே இரவில் கார்த்திகை மீன்களை எண்ணுக. நாள், நேரம், இடம், எண்ணியவர் பெயர், மேகநிலை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிக.

(2) வாக்கர் விதியைப் பயன்படுத்தி, உமக்கு அண்மையிலுள்ள இரு நகரங்களுள் எது உமது வானத்தை மிகுதியாக வெளுக்கச் செய்கிறதெனக் கணக்கிடுக. இரவில் அவ்விரு திசைகளையும் நோக்கி விடையைச் சரிபார்க்க.

(3) பள்ளியைச் சூழ்ந்துள்ள விளக்குகளுள் மேல்நோக்கி ஒளி வீசுபவை எத்தனை என எண்ணுக. அவற்றுள் ஒன்றிற்குத் தகட்டு மூடி இடுவித்து, முன்னும் பின்னும் மிருகசீரிட மீன்களை நோக்குக.

(4) இந்நோக்கல்களை ஆண்டுதோறும் தை மாத அமாவாசையை ஒட்டிச் செய்து, குறிப்பேட்டை அடுத்த ஆசிரியரிடம் ஒப்படைக்க.