குகைக்குள் இறங்கும் பிள்ளைகளுக்கு

ஆழ்வார்குறிச்சியில் லீவுக்கு வீட்டில் இருக்கும் பிள்ளைகளே, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடுகிற, காசு கேட்காத நல்ல கேம் வேண்டுமா? 'கேவ் ஸ்டோரி'யைப் பிடியுங்கள். ஜப்பானியர் டைசுகே அமாயா, 'பிக்சல்' என்ற பெயரில் தனியாளாக 5 வருடம் உழைத்து, 2004இல் இலவசமாகவே கொடுத்தது. பின்னால் வந்த மெருகேறிய பதிப்புகளுக்குத்தான் விலை. ரசிகர்கள் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும் இலவசம். கஷ்டமான கேம், பொறுமையாக ஆடுகிறவருக்குத்தான் வழிவிடும்.

1. அடி வாங்காமல் இருப்பதே பலம். எதிரி செத்தால் மஞ்சள் முக்கோணப் படிகங்கள் சிதறும். பொறுக்கினால் கையிலுள்ள துப்பாக்கி மூன்றாம் லெவல் வரை ஏறும். உங்கள்மேல் அடி விழுந்தால் உயிரோடு சேர்ந்து அந்த லெவலும் இறங்கும். படிகத்துக்கு ஆசைப்பட்டு முள்மேல் பாயாதீர்கள்.

2. பாஸ் எனப்படும் பெரிய எதிரியைக் கண்டதும் சுட்டுத் தள்ளாதீர்கள். கடனாநதியில் இறங்குமுன் கரையில் நின்று சுழி பார்ப்போமே, அப்படி முதலில் பாருங்கள். தவளையாக மாறிய பால்ராக் என்ற பாஸ், வாயைத் திறக்கும் நேரத்தில்தான் அடிபடுவான். மற்ற நேரம் ஒதுங்கி நில்லுங்கள்.

3. சேவ் செய்யும் இடம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். செத்தாலும், நடுவில் கரண்ட் போனாலும், கடைசியாகச் சேவ் செய்த இடத்திலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.

4. துப்பாக்கியை மாற்ற அவசரப்படாதீர்கள். வழியில் வரும் கர்லி என்பவள் தன் மெஷின் கன்னைத் தந்து, உங்கள் 'போலார் ஸ்டார்' துப்பாக்கியைக் கேட்பாள். அந்தச் சின்னத் துப்பாக்கியை எதற்கும் மாற்றாமல் வைத்திருந்து, அதைச் செய்த கிழவரிடம் பிறகு கொண்டு போனால், அவர் அதையே 'ஸ்பர்' என்ற பெரிய ஆயுதமாக்கித் தருவார்.

5. வசனங்களைத் தட்டிவிட்டு ஓடாதீர்கள். முயல் போன்ற மிமிகாக்கள் சாதுவானவை. சிவப்புப் பூவைத் தின்றால்தான் வெறி பிடிக்கும். யாரைச் சுடுகிறோம், ஏன் சுடுகிறோம் என்று தெரிந்து ஆடினால்தான் கதை மனதில் நிற்கும்.

6. முதல் ஆட்டத்தில் யாரிடமும் வழி கேட்காதீர்கள். முடிவுகள் மூன்று, எது வாய்க்கிறதோ அதை ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆட்டத்துக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: பள்ளத்தில் விழுந்து கிடக்கும் ஒரு பேராசிரியரிடம் பேசாமல் தாண்டிப் போனால்தான் அவர் பிழைப்பார். மூன்றில் சிறந்த முடிவுக்கு அது முதல் படி.

7. ஆடி முடித்தபின் நீங்களும் ஒரு கேம் செய்து பாருங்கள். படம், இசை, கதை, புரோகிராம் எல்லாம் அமாயா ஒருவரே செய்தார். பரமகல்யாணி கல்லூரியில் படிக்கும் அண்ணன்மாரை, அக்காமாரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு அறை போதும். அதில் ஒரு பொம்மை ஒழுங்காகக் குதிக்கட்டும். அடுத்த அறையைப் பிறகு கட்டலாம்.