டைட்டன் டியூனின் வேகம் என்ன, சுருதி என்ன? கம்ப்யூட்டரில் கண்டுபிடிப்போம்!

டைட்டன் வாட்ச் விளம்பர இசையைக் கேட்காதவர் நம்மில் குறைவு. வாட்ச் நம் ஓசூர் தொழிற்சாலையில் தயாரானது. டியூன் மட்டும் மொசார்ட்டுடையது. 1773-ல், தன் 17-வது வயதில், சால்ஸ்பர்க் நகரில் அவர் எழுதிய 25-வது சிம்பொனியின் முதல் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது.

ஆவடியில் என் அக்கா மகள் படிக்கும் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு, இந்த இசையையும் பீத்தோவனின் 5-வது சிம்பொனியையும் இணைத்து ஒரு நடன டிராக் கேட்டார்கள். குழந்தைகள் ஒரு மாதம் ஒத்திகை பார்க்கப் போகும் டிராக் இது. வேகம் தவறினால் மேடையில் கால் குழம்பும். சுருதி தவறினால் இணைப்பு காதை உறுத்தும். இரண்டையும் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சரிபார்க்கலாம்.

இதற்கு இரண்டு இலவச புரோகிராம்கள் போதும்: ஆடாசிட்டி, மிக்ஸ். இரண்டையும் அவற்றின் சொந்தத் தளங்களிலிருந்து மட்டும் டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். ஒரிஜினல் பைலைத் தொடாமல், காப்பி எடுத்து அதில் வேலை செய்யுங்கள்.

1. வேகம்

மிக்ஸ் புரோகிராமில் பாடலை ரைட் கிளிக் செய்து அனலைஸ் கொடுத்தால், பி.பி.எம். என்ற எண் வரும். நிமிடத்துக்கு எத்தனை தாளத் தட்டு என்பதே இது. சினிமாப் பாட்டுக்குப் பெரும்பாலும் சரியாகவே காட்டும். சிம்பொனியில் அப்படியே நம்பக் கூடாது. காரணங்கள் இரண்டு.

முதலாவது, ஆர்க்கெஸ்ட்ராவில் கம்ப்யூட்டர் டிரம் இல்லை. நடத்துநரின் கையசைவுக்கு ஏற்ப வேகம் கூடும், குறையும். பீத்தோவனின் 5-வது சிம்பொனி தொடங்கும்போதே நான்கு சுரம் ஒலித்து, கடைசிச் சுரம் நீண்டு நிற்கும். அங்கே தாளமே நின்று விடுகிறது. எனவே பிரிபரன்சஸ் பகுதியில் பீட் டிடெக்ஷனுக்குச் சென்று, வேகம் மாறாது என்று எடுத்துக்கொள்ளச் சொல்லும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்து விடுங்கள்.

இரண்டாவது, புரோகிராம் இரட்டிப்பாகவோ பாதியாகவோ எண்ணி விடும். இதைச் சரிபார்க்கக் கடிகாரத்தைப் பார்த்துக் கையால் தட்டுங்கள். 15 வினாடியில் 45 தட்டு என்றால், 4-ஆல் பெருக்க 180. திரையில் 90 என்று இருந்தால் அதுவும் தவறில்லை. அது இரண்டு தட்டை ஒன்றாக எண்ணியிருக்கிறது.

'மொசார்ட் எத்தனை பி.பி.எம். எழுதினார்?' என்று கேட்டால் பதில் இல்லை. மெட்ரோனோம் கருவிக்கு மெல்சல் காப்புரிமை பெற்றது 1815-ல்; மொசார்ட் 1791-லேயே இறந்து விட்டார். வேகமாக, துடிப்போடு வாசிக்க வேண்டும் என்று சொல்லால் மட்டுமே குறித்தார். பீத்தோவன் 1817-ல் தன் சிம்பொனிகளுக்கு எண் கொடுத்தார். 5-வது சிம்பொனியின் முதல் பகுதிக்கு அது 108. ஆனாலும் ஒவ்வொரு ரெக்கார்டிங்கும் ஒரு வேகம்தான். கையில் உள்ள ரெக்கார்டிங்கைத்தான் நாம் அளக்க வேண்டும்.

2. சுருதி

மொசார்ட்டின் இந்த சிம்பொனி ஜி மைனர். நம் கணக்கில் 5 கட்டை சுருதி. தொடக்கத்தில் வரும் நான்கு சுரங்கள் ஜி, டி, இ பிளாட், எப் ஷார்ப். ச, ப, சுத்த தைவதம், காகலி நிஷாதம் என்று பாடிப் பாருங்கள். கீரவாணி தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும்.

புரோகிராம் இங்கே பி பிளாட் மேஜர் என்று காட்டினால் குழம்ப வேண்டாம். மொசார்ட்டே நடுவில் அந்த சுருதிக்குப் போய்த் திரும்புகிறார். மற்ற பகுதிகளும் வேறுபடும்: இரண்டாவது பகுதி இ பிளாட் மேஜர், மூன்றாவதின் நடுப்பகுதி ஜி மேஜர். எனவே முழு சிம்பொனிக்கும் ஒரே விடை தேடாமல், ஒவ்வொரு பகுதியையும் தனி பைலாக வைத்து அனலைஸ் செய்யுங்கள்.

இன்னொரு விஷயம். இன்றைய பொதுச் சுருதியில் ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ். பழங்கால வாத்தியங்களில் வாசிக்கும் குழுக்கள் பல 430-ல் வாசிக்கின்றன. அது ஏறக்குறைய 0.4 செமிடோன் குறைவு. கீபோர்டில் ஜி கட்டையை அழுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. இணைத்தல்

டி.ஜே.க்கள் பயன்படுத்தும் கேம்லாட் வட்டம் கடிகார முகம் போன்றது. 1 முதல் 12 வரை எண்கள். மைனருக்கு ஏ, மேஜருக்கு பி. மிக்ஸில் கீ நொட்டேஷனை லான்ஸ்லாட் என்று மாற்றினால் இதே எண்கள் வரும். ஒரே எண், அல்லது ஒரே எழுத்தில் பக்கத்து எண் என்றால் சேரும்.

ஜி மைனர் 6ஏ. பி பிளாட் மேஜர் 6பி. இரண்டுக்கும் அதே ஏழு சுரங்கள். பீத்தோவன் 5 தொடங்கும் சி மைனர் 5ஏ. ஒரே ஒரு சுரம்தான் வித்தியாசம். அதன் முதல் நான்கு சுரங்களும் ஜி, ஜி, ஜி, இ பிளாட். மொசார்ட்டின் முதல் பகுதி முடிவதும் ஜி மைனரில்தான். அதனால் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாமல், மொசார்ட்டை முடியவிட்டு ஒரு மூச்சு இடைவெளியில் பீத்தோவனைத் தொடங்கினாலே அழகாக ஒட்டும்.

வேகத்தைச் சற்று மாற்ற வேண்டுமானால், ஆடாசிட்டியில் எபெக்ட் மெனுவில் சேஞ்ச் டெம்போ என்பதைத் தேர்ந்தெடுங்கள், சுருதி மாறாது. சேஞ்ச் ஸ்பீட் கொடுத்தால் சுருதியும் சேர்ந்து மாறும். 6 சதவீதம் கூட்டினாலே ஜி மைனர், ஜி ஷார்ப் மைனர் ஆகிவிடும். வட்டத்தில் 6ஏ, 1ஏ-க்குத் தாவும். சுருதியை மட்டும் 0.4 செமிடோன் உயர்த்த சேஞ்ச் பிட்ச் இருக்கிறது. எதையும் 5 சதவீதத்துக்குள் வைத்துக் கொள்ளுங்கள். அதிகமானால் வயலின் ஒலி நடுங்கும்.

முடிந்ததும் வேவ் பைலாக எக்ஸ்போர்ட் செய்து, கண்ணை மூடிக்கொண்டு இணைப்பு இடத்தை மூன்று முறை கேளுங்கள். எண்கள் பொருந்தினாலும் காது மறுத்தால் காதையே நம்புங்கள். ஒத்திகைக்கும் மேடைக்கும் அதே ஒரு பைலைக் கொடுங்கள். வெவ்வேறு காப்பிகள் கைமாறினால் பழகிய வேகம் கெட்டு விடும்.